விசித்திர அணுவினைச் சோதனை மாதிரிகளை மைக்ரோஸ்கோப்பில் ஆராய்வது எப்படி? கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குளிர் இணைவு (அறை வெப்பத்திலேயே அணுக்கருக்கள் இணைவதாகச் சொல்வது), பிளாஸ்மா மின்பகுப்பு (மின்முனையில் பொறி பறக்கும் அளவு வோல்டேஜில் செய்யும் மின்பகுப்பு), தண்ணீருக்குள் வெடிக்கவிடும் உலோகத்தகடு என்று பாடத்திட்டத்துக்கு வெளியே கிடக்கும் அணுவினைச் சோதனைகளில் ஆர்வம் உள்ளவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வெப்பத்தைச் சரியாக அளக்கும் கலோரிமீட்டர் பெரும்பாலும் யாரிடமும் இல்லை, நியூட்ரான் டிடெக்டர் பற்றிக் கேட்கவே வேண்டாம். கையில் இருப்பது ஒரு மைக்ரோஸ்கோப். மின்முனையை வெளியே எடுத்து அதன் அடியில் வைத்தால் உருண்டை தெரிகிறது, எரிமலை வாய் மாதிரி பள்ளம் தெரிகிறது, அறுகோணத் தகடு தெரிகிறது, உடனே ஒரு ஃபோட்டோ, கூடவே "சார், இது அணுவினைதானே?" என்ற கேள்வி.

அந்த ஒரு ஃபோட்டோவை வைத்து யாராலும் பதில் சொல்ல முடியாது. அதே அறையில், அதே கரைசலில், மின்சாரம் பாயாமல் ஊறிய இன்னொரு துண்டு எங்கே என்பதுதான் என் முதல் கேள்வி. அடுத்த கேள்வி, உங்கள் வீட்டுத் தூசியை இதற்கு முன் மைக்ரோஸ்கோப்பில் பார்த்திருக்கிறீர்களா என்பது. கடலூர், புதுச்சேரி காற்றில் மிதப்பதை ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பார்த்தவருக்குப் பாதி அதிசயங்கள் அங்கேயே தீர்ந்துவிடும். மிச்சம் நிற்பதைத்தான் ஆராய வேண்டும்.

கொஞ்சம் பின்னணி

தெரிந்தவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். 1989 மார்ச் 23 அன்று யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ஃப்ளைஷ்மன், ஸ்டான்லி பான்ஸ் இருவரும் கனநீரில் (கன ஹைட்ரஜன் கொண்ட நீர்) பல்லேடியம் மின்முனையை வைத்து மின்பகுப்பு செய்தபோது வேதிவினையால் விளக்க முடியாத வெப்பம் வந்தது என்று பத்திரிகையாளர்களைக் கூட்டி அறிவித்தார்கள். பல ஆய்வகங்கள் முயன்றும் அது திரும்ப வரவில்லை, சில மாதங்களிலேயே பெரும்பாலான இயற்பியலாளர்கள் கைகழுவிவிட்டார்கள். நம் நாட்டில் பி.கே. ஐயங்கார் தலைமையில் இருந்த பாபா அணு ஆராய்ச்சி மையம் அதே வருடம் பல குழுக்களை இறக்கிச் சோதித்து, அணுவினைக்கு அடையாளமான டிரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) கண்டதாக அறிக்கை வெளியிட்டது. இந்தத் துறையின் சர்வதேச மாநாடு ஒன்று 2011 பிப்ரவரியில் சென்னையிலேயே நடந்திருக்கிறது. 'கரன்ட் சயின்ஸ்' இதழ் 2015-இல் இதற்கென ஒரு சிறப்புப் பகுதி போட்டது. கூகுள் பணம் கொடுத்து நடந்த பெரிய மறுஆய்வு 2019-இல் 'நேச்சர்' இதழில் வந்தது, அதில் குளிர் இணைவுக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.

ஆக, இன்று வரை இது நிரூபணம் ஆகாத விஷயம். அதனாலேயே இதில் மைக்ரோஸ்கோப் படங்களுக்கு இருக்க வேண்டியதைவிட அதிக மரியாதை கிடைக்கிறது. வெப்பக் கணக்கில் சண்டை போடலாம், ஆனால் படம் என்று ஒன்று கண்ணெதிரே இருக்கிறதே!

படி 1: சோதனையைத் தொடங்கும் முன் மாதிரியைப் பிரித்து வையுங்கள்

ஒரே கம்பியிலிருந்து, ஒரே தகட்டிலிருந்து நான்கு துண்டு வெட்டுங்கள். ஒன்று உறையில் போட்டு அப்படியே இருக்கட்டும். இரண்டாவது அதே கரைசலில் அதே நேரம் மின்சாரம் இல்லாமல் ஊறட்டும். மூன்றாவதுக்கு மின்சாரம் கொடுங்கள், ஆனால் அணுவினை நடக்கும் என்று நீங்கள் நினைக்கிற அந்த ஒரு அம்சத்தை மட்டும் எடுத்துவிடுங்கள் (கனநீருக்குப் பதில் சாதாரண நீர், அல்லது பொறி பறக்காத குறைந்த வோல்டேஜ்). நான்காவதுதான் உங்கள் உண்மையான மாதிரி.

நான்கையும் தொடங்கும் முன்பே படம் எடுத்துவிடுங்கள். கடையில் வாங்கிய நிக்கல் கம்பியில் இழுத்த கோடுகள், எண்ணெய்க் கறை, இரும்புத் துகள் எல்லாம் ஏற்கெனவே இருக்கும். மூலையில் ஊசியால் 'ட' மாதிரி ஒரு கீறல் போட்டுவைத்தால் எது மேல், எது இடது என்று பிறகு குழப்பம் வராது, அதே இடத்துக்குத் திரும்பவும் வர முடியும்.

தண்ணீர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். வீட்டுக்கு வரும் கேன் தண்ணீர் தூய நீர் ஆகிவிடாது, அதில் கால்சியமும் மெக்னீசியமும் மிச்சம் இருக்கும். கடலோர போர்வெல் தண்ணீர் என்றால் சொல்லவே வேண்டாம். மின்பகுப்பின்போது எதிர்மின்வாயை ஒட்டிய நீர் காரமாக மாறும், அந்தக் காரத்தில் மெக்னீசியம் ஹைட்ராக்சைடும் கால்சியம் கார்பனேட்டும் மின்முனைமேல் படியும். அந்த மெக்னீசியம் ஹைட்ராக்சைடு அழகான அறுகோணத் தகடுகளாக வளரக்கூடியது. 'மர்ம அறுகோணம்' என்று சுற்றும் படங்களைப் பார்க்கும்போது எனக்கு முதலில் தண்ணீர் மேல்தான் சந்தேகம் வரும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டராவது வாங்குங்கள்.

இன்னொன்று, டங்ஸ்டன் கம்பி. பிளாஸ்மா மின்பகுப்புக்கு வெல்டிங் கடையில் டிக் வெல்டிங் ராடு வாங்கி வெட்டுகிறார்கள். முனையில் சிவப்பு பெயின்ட் அடித்த ராடு என்றால் அதில் சுமார் 2 சதவீதம் தோரியம் ஆக்சைடு கலந்திருக்கும். தோரியம் இயல்பிலேயே கதிரியக்கம் உள்ளது. கதிரியக்கத்தைக் காட்டும் கைகர் கருவி சத்தம் போடும், அதிலிருந்து வரும் ஆல்ஃபா துகளின் தடமும் பிளாஸ்டிக் தகட்டில் விழும், சோதனை ஆரம்பிக்கும் முன்பே! பச்சை முனை ராடுதான் சுத்த டங்ஸ்டன், அதைக் கேட்டு வாங்குங்கள். சிவப்பு முனை ராடை கிரைண்டரில் தீட்டாதீர்கள், அந்தத் தூள் மூச்சில் போகக்கூடாது.

எவர்சில்வர் ஸ்பூனை நேர்மின்வாயாகப் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதிலிருந்து இரும்பு, குரோமியம், நிக்கல் மூன்றும் கரைந்து எதிர்மின்வாய்க்கு வந்து படியும், அதைப் பார்த்து 'புதுத் தனிமம்' என்று மகிழ்ந்து பயன் இல்லை. கரைசல் மஞ்சளாக மாறினால் அது ஆறு இணைதிறன் குரோமியமாக இருக்கலாம், நச்சு, சாக்கடையில் ஊற்றாதீர்கள். பிளாட்டினம் நேர்மின்வாயும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கண்ணாடிப் பாத்திரம் காரக் கரைசலில் சிலிக்கான், சோடியம், போரான் எல்லாம் விடும். கரைசலைத் தொட்டுக்கொண்டிருந்த ஒவ்வொரு பொருளையும் நோட்டில் எழுதுங்கள், கிளிப், ரப்பர் மூடி உட்பட.

படி 2: ஊர்த் தூசி ஆல்பம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஸ்லைடின் மேல் செல்லோடேப்பின் பசைப்பக்கம் மேலே பார்க்கும்படி ஒட்டி, சோதனை மேசை மேல் ஒரு நாள், மொட்டை மாடியில் ஒரு நாள், ஜன்னல் ஓரம் ஒரு நாள் என்று வையுங்கள். எடுத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

கடலூர் மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு நெய்வேலி பக்கம். பழுப்பு நிலக்கரி எரிந்த சாம்பலில் அலுமினோசிலிக்கேட் கண்ணாடி உருண்டைகள் ஏராளமாக இருக்கும், ஒரு மைக்ரானிலிருந்து (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நூறு மைக்ரான் வரை, சில உள்ளே வெற்றாக, சில உருண்டைக்குள் குட்டி உருண்டைகளோடு. இந்தச் சாம்பலில் (ஃப்ளை ஆஷ்) செங்கல் செய்யும் இடமோ கட்டட வேலையோ பக்கத்தில் நடந்தால் அந்தத் தூசியும் சேரும். வெல்டிங், கிரைண்டிங் நடக்கும் பட்டறைத் தெருவில் கறுத்து மினுங்கும் இரும்பு ஆக்சைடு உருண்டைகள் கிடைக்கும். கடற்கரையிலிருந்து உப்பு. தேவனாம்பட்டினம் மணலிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துப் பாருங்கள், குவார்ட்ஸோடு சிவப்பு கார்னெட்டும் கறுப்புத் தாதுக்களும் கலந்திருக்கும். தமிழகக் கடற்கரை மணலில் சில இடங்களில் தோரியம் உள்ள மோனசைட்டும் உண்டு, அதனால் கடற்கரைச் செருப்போடு சோதனை அறைக்குள் வராதீர்கள்.

வீட்டுக்குள் இருப்பதையும் விடாதீர்கள். விபூதி, கோலமாவு, சாம்பிராணிப் புகைக்கரி, கொசுவத்திச் சாம்பல். தீபாவளி வாரத்தில் காற்றில் அலுமினியம், பேரியம், ஸ்ட்ரான்ஷியம், பொட்டாசியம், கந்தகம் எல்லாம் பறக்கும், அந்த வாரம் மாதிரியைத் திறந்து வைக்காமல் இருப்பதே நல்லது.

இதோடு பட்டறைக்கு ஒரு நடை. தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் டூல் ரூம் எதிலாவது ஸ்பார்க் எரோஷன் மெஷின் இருக்கும். "அண்ணே, ஸ்பார்க்ல வெட்டின கழிவுத் துண்டு ஒண்ணு கிடைக்குமா?" என்று கேட்டால் கொடுத்துவிடுவார்கள். அந்தத் துண்டை 40 எக்ஸில் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பள்ளங்கள், உருகி உறைந்த விளிம்பு, ஓரத்தில் ஒட்டிய குட்டி உருண்டைகள், மெல்லிய விரிசல்கள். இதில் அணுவினை எதுவும் இல்லை, வெறும் மின்பொறி. பிளாஸ்மா மின்பகுப்பிலும் உங்கள் மின்முனைமேல் அடிப்பது மின்பொறிதான். உங்கள் பள்ளம் இந்தப் பள்ளத்திலிருந்து எந்த விதத்தில் வேறுபடுகிறது என்று சொல்ல முடிந்தால் மேலே பேசலாம்.

படி 3: எந்த மைக்ரோஸ்கோப்

கல்லூரி பயாலஜி லேபில் இருக்கும் மைக்ரோஸ்கோப்பில் வெளிச்சம் கீழிருந்து வரும், உலோகத்தில் அது ஊடுருவாது, கறுப்பு நிழல்தான் தெரியும். உங்களுக்கு வேண்டியது மேலிருந்து லென்ஸ் வழியாகவே ஒளி இறங்கும் மெட்டலர்ஜிக்கல் மைக்ரோஸ்கோப். மெக்கானிக்கல் படிப்பு உள்ள பாலிடெக்னிக், இன்ஜினியரிங் கல்லூரி எல்லாவற்றிலும் பொதுவாக ஒன்று இருக்கும், தெரிந்த ஆசிரியரைப் பிடியுங்கள். பயாலஜி லென்ஸ் 0.17 மி.மீ. கவர் கிளாஸுக்காகச் செய்தது என்பதால் 40 எக்ஸில் திறந்த உலோகப் பரப்பைப் பார்த்தால் படம் மங்கும், இது பலருக்குத் தெரிவதில்லை.

யுஎஸ்பி மைக்ரோஸ்கோப்பின் அட்டையில் '1000 எக்ஸ்' என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். எவ்வளவு நுணுக்கம் தெரியும் என்பதைத் தீர்மானிப்பது லென்ஸின் மேலேயே பொறித்திருக்கும் என்.ஏ. எண். ஒளியின் அலைநீளத்தை அந்த எண்ணின் இரு மடங்கால் வகுத்தால் பிரித்துப் பார்க்கக்கூடிய மிகச்சிறிய இடைவெளி வரும் (ஏர்ன்ஸ்ட் அபே சொன்ன கணக்கு). பச்சை ஒளி 550 நானோமீட்டர் என்று வைத்தால், 0.25 உள்ள 10 எக்ஸ் லென்ஸில் 1.1 மைக்ரான், 0.65 உள்ள 40 எக்ஸில் 0.42 மைக்ரான். அதற்குக் கீழே இருப்பதை எவ்வளவு பெரிதாக்கினாலும் கிடைப்பது பெரிய மங்கல்தான், அந்த மங்கலில் வளையமும் வரும், ஒளி விளிம்பில் வளைவதால் வரும் வளையம் அது.

ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்த கண்ணாடி அளவுகோல், ஒரு பிரிவு 10 மைக்ரான். ஒவ்வொரு லென்ஸிலும் அதைப் படமெடுத்து, இலவசமாகக் கிடைக்கும் இமேஜ்ஜே மென்பொருளில் அளவைப் பதிந்துவிட்டால் பிறகு எந்தப் படத்திலும் அளக்கலாம்.

படி 4: மாதிரியை எடுப்பது

கழுவும் முன் படம் எடுங்கள். கரைசலோடு காயவிட்டால் அதில் கலந்த பொட்டாசியம் கார்பனேட் போன்ற உப்பு படிகமாக உறைந்து மரக்கிளை, நட்சத்திரம் என்று ஜாலம் காட்டும், அதுவும் பதிவில் இருக்கட்டும். பிறகு டிஸ்டில்டு வாட்டரில் மெதுவாக அலசி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஒரு முறை முக்கி, மூடிய பெட்டியில் காயவிடுங்கள். மறைந்துபோன உருவங்கள் உப்பு. அலசிய நீரைக் கொட்டாமல் வடிதாளில் வடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள், உதிர்ந்த துகள் அதில் இருக்கும்.

அல்ட்ராசோனிக் கிளீனரில் போடாதீர்கள். சமையலறை அலுமினியத் தாளை அதில் சில நிமிடம் தொங்கவிட்டுப் பாருங்கள், ஒலியலையால் நீரில் உருவாகும் நுண்குமிழ்கள் நொறுங்கித் தாளில் ஓட்டை ஓட்டையாக விழும். கிளீனர் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கவே இப்படிச் செய்வார்கள். ஒலியலையால் இணைவு நடத்துவதாகச் சொல்லும் சோதனைகளில் தகட்டில் விழும் பள்ளங்களைப் பார்க்கும்போது இந்த ஓட்டைத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: பார்க்கும் முறை

முதலில் 4 எக்ஸ். முழுப் பரப்பையும் வரிசையாக, வயலில் ஏர் ஓட்டுகிற மாதிரி போய்த் திரும்பி, படமெடுத்து ஒட்டுங்கள். அழகான இடத்தை மட்டும் தேடிப்பிடித்து எடுத்தால் அந்த உருவம் ஆயிரத்தில் ஒன்றா, எல்லா இடத்திலும் இருக்கிறதா என்றே தெரியாமல் போகும். சும்மா ஊறிய துண்டையும் அதே லென்ஸ், அதே வெளிச்சம், அதே எண்ணிக்கைப் படங்கள் என்று எடுக்க வேண்டும். இது சலிப்பான வேலைதான், குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

சந்தேகமான உருவம் கிடைத்ததும் முதலில் தெரிய வேண்டியது அது மேடா பள்ளமா. ஒளி மேலிருந்து வருகிறது என்று நம் மூளை முடிவு கட்டிவிடும், படத்தைத் தலைகீழாகத் திருப்பினாலே பள்ளம் மேடாகிவிடும். அதனால் ஃபைன் ஃபோகஸ் திருகைத் திருப்புங்கள். லென்ஸையும் மாதிரியையும் நெருக்கும்போது நடுப்பகுதி தெளிவானால் அது பள்ளம், விலக்கும்போது தெளிவானால் மேடு. விளிம்பு தெளிவாகும் இடத்துக்கும் அடி தெளிவாகும் இடத்துக்கும் இடையே திருகு எத்தனை கோடு நகர்ந்தது என்று பார்த்தால் ஆழமும் தோராயமாகக் கிடைத்துவிடும். ஒரு சின்ன டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, நான்கு திசையிலும் நிழல் மாறுகிறதா என்று பாருங்கள்.

படி 6: அடிக்கடி வரும் உருவங்கள்

*உருண்டை.* இதுதான் அதிகம் வருவது. 40 எக்ஸில் மேல்பரப்பை மட்டும் ஃபோகஸ் செய்து கவனியுங்கள். இரும்பு உருண்டை என்றால் கறுத்த பளபளப்பின் மேல் மெல்லிய கோடுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் போகும், உருகிய துளி வேகமாக உறைந்ததன் தடம். சிலவற்றில் ஒரு பக்கம் சின்னத் துளை, உள்ளே காலி. சாம்பல் உருண்டை கண்ணாடி மாதிரி ஒளியை விடும், நடுவில் ஒரு வெளிச்சப் புள்ளி நிற்கும். ஸ்லைடுக்கு அடியில் காந்தத்தை நகர்த்தினால் இரும்பு உருண்டை உருளும். ஆனால் நிக்கலும் உருளும், இரும்பு மிகுந்த சாம்பல் உருண்டையும் உருளும். காந்தத்தில் ஒட்டியது என்பதோடு முடிவுக்கு வராதீர்கள். உலோகம் உருகித் தெறித்தால் மேற்பரப்பு இழுவிசை அதை உருண்டையாக்கிவிடும், அதற்கு மின்பொறியின் சூடே போதும்.

*பள்ளம்.* எவர்சில்வரும் அலுமினியமும் குளோரைடு பட்டாலே குழி விழும், நம் கடற்காற்றில் குளோரைடுக்கு என்ன பஞ்சம். அரிப்புக் குழியில் உருகிய விளிம்பு இருக்காது, மின்பொறிப் பள்ளத்தில் இருக்கும். ஹைட்ரஜன் குமிழ் ஒட்டியிருந்த இடத்தில் படிவு வளராமல் வட்டமாகத் தெரிவது மூன்றாவது வகை. அமெரிக்கக் கடற்படையின் ஸ்பாவார் ஆய்வகத்தில் பமீலா மோசியர்-பாஸ், ஸ்டானிஸ்லா ஸ்பாக் குழு பல்லேடியப் படிவுகளில் எடுத்த எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் படங்களில் உருகிய மாதிரி எரிமலை வாய்கள் உண்டு, இந்தத் துறையில் அதிகம் பேசப்படும் படங்கள் அவை. அந்த வடிவத்தைத் தேடுவோர் விளிம்பைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும்.

*விரிசல்.* பல்லேடியம் ஹைட்ரஜனை ஏற்று நிரம்பும்போது சுமார் 10 சதவீதம் கனஅளவில் வீங்கும், ஹைட்ரஜன் வெளியேறினால் சுருங்கும். வீங்கிச் சுருங்கினால் வெடிக்காமல் என்ன செய்யும். இது எல்லாப் பல்லேடியத்துக்கும் உள்ளதுதான்.

*மயிர், பெரணி இலை.* அதிக மின்னோட்டத்தில் உலோகம் படிந்தால் கிளைவிட்டு வளரும். தகரமும் துத்தநாகமும் மின்சாரமே இல்லாமல் முலாம் பூசிய பரப்பிலிருந்து மயிர் மாதிரி முளைக்கும், மின்னணுச் சாதனங்களில் இதனால் ஷார்ட் சர்க்யூட்டே ஆகியிருக்கிறது. முலாம் பூசிய கிளிப், ஸ்க்ரூ பக்கத்தில் இருந்ததா என்று பாருங்கள்.

*தடங்கள்.* இதில்தான் சண்டை அதிகம். 2000 வாக்கில் ரஷ்யாவின் லியோனிட் உருட்ஸ்கோயேவ் குழு தண்ணீருக்குள் டைட்டானியத் தகட்டை மின்சாரத்தால் வெடிக்கவிட்டு, பக்கத்தில் வைத்த படச்சுருளில் புழு ஊர்ந்த மாதிரி தடங்கள் விழுந்ததாகச் சொன்னது. 'விசித்திரக் கதிர்வீச்சு' என்ற பேச்சு பரவியது அதிலிருந்துதான். அதற்கு முன்பே ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் தகாக்கி மாட்சுமோட்டோ அணு எமல்ஷன் படலங்களில் (துகள்களின் தடத்தைப் பதியும் ஃபோட்டோப் படலம்) இப்படிப்பட்ட உருவங்களைப் பதிவு செய்திருக்கிறார். இன்று டிவிடி, பிளாஸ்டிக் தகடு, மைக்கா எல்லாவற்றிலும் தேடுகிறார்கள். ஒரே மாதிரி குறி சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப விழுந்த தடம் கிடைத்தால் இயற்கையில் இப்படி ஏது என்று தோன்றும்.

இரண்டு பழைய டிவிடி எடுத்து நடுவே ஒரு சிட்டிகைக் கடற்கரை மணல் போட்டு லேசாக அழுத்தி நகர்த்துங்கள். எடுத்துப் பார்த்தால் மணல் உருண்டபோது அதன் கூர்முனை ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு குறி வைத்துப் போயிருக்கும், சீரான இடைவெளியில், இரட்டை வரிசையாகக்கூட. ஆல்ஃபா துகள் பிளாஸ்டிக்கில் சில பத்து மைக்ரான்தான் போகும், நேராகப் போகும். மில்லிமீட்டர் கணக்கில் மேற்பரப்பிலேயே வளைந்து திரும்பிப் போகிற தடம் ஆல்ஃபா இல்லை, புரோட்டான் இல்லை. அது புதுத் துகள் என்று சொல்லப் போகிறீர்கள் என்றால், மணல் உருளவே வாய்ப்பில்லாதபடி தகட்டை எதையும் தொடாமல் தொங்கவிட்டு, மூடி, மறுபடி செய்து காட்ட வேண்டும்.

படி 7: சிஆர்-39

துகள் தடத்தைப் பதிய வைக்கும் பிளாஸ்டிக் தகடு இது, மூக்குக்கண்ணாடிக் கடையில் பிளாஸ்டிக் லென்ஸ் என்று தருகிற அதே பொருள். ஆல்ஃபா துகள் பட்ட இடம் சேதமாகும், காஸ்டிக் சோடாவில் ஊறவைத்தால் அந்த இடம் வேகமாகக் கரைந்து கூம்புக் குழியாகும். வழக்கமான அளவு 6.25 நார்மல், அதாவது ஒரு லிட்டர் கரைசலில் 250 கிராம், 70 டிகிரி செல்சியஸ், சுமார் 6 மணி நேரம். சோடாவைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சூடேறும், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் பக்கத்தில் போகாதீர்கள். குழிகள் 10 மைக்ரான் அளவில், சுத்தமான வட்டமாகவோ சாய்ந்த நீள்வட்டமாகவோ, விளிம்பு கூராக, அடியில் ஒளிப்புள்ளியோடு இருக்கும்.

காற்றிலேயே ரேடான் என்ற கதிரியக்க வாயு இருக்கிறது, அது தரும் ஆல்ஃபா எல்லாத் தகட்டிலும் விழும். அடைத்த அறையில் அதிகம். எனவே அதே தகட்டிலிருந்து வெட்டிய துண்டு ஒன்று அதே அறையிலும், ஒன்று மின்சாரம் இல்லாத கரைசலிலும் இருந்தே ஆக வேண்டும். மின்முனையோடு ஒட்டி வைத்த தகட்டை வேதிப்பொருளும் குமிழும் சேர்ந்து அரிக்கும், ஸ்பாவார் முடிவுகள் மேல் வந்த விமர்சனமும் இதுதான். ஆழம்தான் ஒரு சோதனை: இன்னும் சில மணி நேரம் கரைத்தால் மேற்பரப்புச் சேதம் மழுங்கி மறையும், துகள் தடமும் பெருத்து உருண்டைக் குழியாகும், ஆனால் இரண்டும் மாறுகிற விதம் வேறு. இடையிடையே படமெடுத்தால்தான் தெரியும்.

படி 8: பெயர் மறைத்துப் பிரியுங்கள்

எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்குப் பணம் கட்டும் முன் இதைச் செய்தால் காசு மிஞ்சும். நான்கு துண்டுகளின் படங்களையும் வீட்டில் யாரிடமாவது கொடுத்து, பெயரை எடுத்துவிட்டு எண் மட்டும் போடச் சொல்லுங்கள். எது மின்சாரம் பாய்ந்தது, எது சும்மா ஊறியது என்று படத்தை மட்டும் பார்த்து நீங்கள் பிரிக்க வேண்டும். பிரிக்க முடியவில்லை என்றால் அந்த உருவத்துக்கும் உங்கள் சோதனைக்கும் தொடர்பு இல்லை. முடிந்தால் அடுத்து, மூன்றாவது துண்டையும் நான்காவதையும் பிரிக்க முடிகிறதா? சிக்கலே அங்கேதான்.

படி 9: எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப், தனிமப் பகுப்பாய்வு

காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இரண்டிலும் கட்டணம் கட்டிக் கேட்டுப் பார்க்கலாம். கல்லூரி வழியாகக் கடிதத்தோடு போனால் வேலை சுலபம். மாதிரி முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். உதிரியான காந்தத் தூள் கொண்டுபோனால் வாங்க யோசிப்பார்கள், கார்பன் டேப்பில் கெட்டியாக ஒட்டிக் கொடுங்கள். தங்கப் பூச்சு போடட்டுமா என்று கேட்டால் உலோகத்துக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள், தங்கத்தின் எக்ஸ்-ரே கோடு பாஸ்பரஸ் கோட்டுக்குப் பக்கத்தில் வந்து குழப்பும்.

படத்தோடு 'ஈடிஎஸ்' என்ற எக்ஸ்-ரே பகுப்பாய்வும் கேட்பீர்கள், ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் விடும் எக்ஸ்-ரேயை வைத்து எந்தத் தனிமம் என்று சொல்வது அது. அந்தத் தனிமப் பட்டியலைக் கண்ணை மூடி நம்பினால் தொலைந்தோம். கந்தகம் 2.31, மாலிப்டினம் 2.29, ஈயம் 2.34 கிலோ எலக்ட்ரான் வோல்ட், மூன்றும் ஒரே மேட்டில் உட்காரும், மென்பொருள் தனக்குத் தோன்றிய பெயரை எழுதும். டைட்டானியம் 4.51, பேரியம் 4.47. டைட்டானியத்தின் இரண்டாவது கோடு வனேடியத்தின் முதல் கோட்டின்மேல் விழும், டைட்டானியம் வனேடியமாக மாறிவிட்டது என்று குதிக்கும் முன் இதைப் பாருங்கள். அலுமினியம் அதிகம் இருந்தால் இரண்டு ஃபோட்டான் ஒன்றாகப் பதிவாகி 2.97-இல் மேடு வரும், அது ஆர்கானுக்குப் பக்கம். செம்பின் 8.05-இலிருந்து டிடெக்டரின் சிலிக்கான் 1.74-ஐ விழுங்கினால் 6.31, இரும்புக்குப் பக்கம்.

எலக்ட்ரான் கற்றை 15, 20 கிலோ வோல்ட்டில் பாய்ந்தால் ஒரு மைக்ரான் அளவுக்கு உள்ளே பரவும், ஆக அரை மைக்ரான் துகளைக் குறிவைத்தாலும் அடியில் உள்ளதும் சேர்ந்தே வரும். பட்டியலின் கூட்டுத்தொகை எப்போதும் 100 வருவதைப் பார்த்து மயங்காதீர்கள், மென்பொருள்தான் அப்படிச் சரிசெய்கிறது. 0.1 சதவீதத்துக்குக் கீழே என்ன எழுதியிருந்தாலும் அடித்துவிடலாம்.

ஆபரேட்டரிடம் நான்கு இடம் கேளுங்கள்: உருவத்தின் மேல், அதற்குப் பக்கத்தில், ஊறிய துண்டில், வெறும் கார்பன் டேப்பில். பட்டியல் மட்டும் போதாது, மூல ஸ்பெக்ட்ரம் கோப்பையும் பென்டிரைவில் வாங்கி வாருங்கள்.

படி 10: ஐசோடோப்பு

தனிமம் புதிதாக வந்திருக்கிறது என்றால் அழுக்கு என்று சொல்லிவிடலாம். ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் வேறு வேறு எடையுள்ள அணுக்கள்) விகிதம் மாறியிருக்கிறது என்றால்தான் அணுவினைப் பேச்சுக்கு இடம். ஈடிஎஸ் ஐசோடோப்பைப் பிரிக்காது, அதற்கு அணுக்களை எடைவாரியாகப் பிரிக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வேண்டும். அங்கும் பொறி உண்டு. மாதிரியை ஆர்கான் பிளாஸ்மாவில் அயனியாக்கும் வகைக் கருவியில் ஆர்கான் 40-உம் ஆக்சிஜன் 16-உம் சேர்ந்து 56 என்று வரும், இரும்பு 56 மாதிரியே. லித்தியம் இயற்கையில் 6 சுமார் 7.6 சதவீதம், 7 சுமார் 92.4 சதவீதம், ஆனால் கடையில் விற்கும் சில லித்தியம் உப்புகளில் லித்தியம் 6 ஏற்கெனவே பிரித்தெடுக்கப்பட்டிருக்கும், அணு ஆயுத வேலைக்கு எடுத்த பிறகு மிஞ்சியது சந்தைக்கு வந்ததால். எனவே பாட்டிலில் மிச்சம் இருக்கும் அதே உப்பையும் சேர்த்து அனுப்புங்கள்.

படத்தை வெளியிடும்போது அளவுகோல், லென்ஸின் என்.ஏ., ஒளி எந்தப் பக்கம், முழுப் பரப்பில் அந்த உருவம் எத்தனை இடத்தில், ஊறிய துண்டில் எத்தனை இடத்தில் என்று எல்லாவற்றையும் அதே பக்கத்தில் போடுங்கள். மாதிரிகளை எறியாதீர்கள், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், ஐப்பசி மழைக்காலத்தில் திறந்து வைத்த இரும்பு ஒரு வாரத்தில் துருவாகிவிடும். யாராவது நம்பாமல் கேட்டால் துண்டில் பாதியை வெட்டி அனுப்புங்கள், ஊறிய துண்டிலும் பாதி.